கோப்பு குடியிருக்கும் இடம்

கணினியில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவ முற்படும்போது, 'இன்ன கோப்புறையில் வைக்கப்போகிறேன், சம்மதமா?' என்று அது வினவும். நம்மிற் பெரும்பாலோர் அதனை வாசிப்பதேயில்லை. 'அடுத்தது' என்னும் பொத்தானை அழுத்திவிட்டு அப்பாற் செல்கிறோம். ஆகவே, வினா நம்மிடம் விடுக்கப்பட்டபோதிலும் விடையை முன்னரே எழுதிவைத்தவர் அம்மென்பொருளை ஆக்கியவரே. அவர் தெரிந்துவைத்த இடத்தை 'இயல்பிடம்' என்று இப்பேச்சில் வழங்குவோம்.

அவசரத்திற் பிடித்த இடம் எத்துணைக் காலம் நிலைத்துவிடும் என்பதற்கு யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் வரலாறு சான்றாகும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் அதனை வளர்த்தபோது, வட்டு ஒன்றின் கொள்ளளவு சில மெகாபைட்டுகளே. முறைமைக்குரிய நிரல்கள் ஒரு வட்டில் இருந்தன. பயன்படுத்துவோரின் சொந்தக் கோப்புகள் மற்றொன்றில், 'யூசர்' என்ற சொல்லைக் குறுக்கி 'யு-எஸ்-ஆர்' எனப் பெயரிட்ட பகுதியில் இருந்தன. முதல் வட்டு நிரம்பவே, மேலதிக நிரல்களை அயல் வட்டில் ஒதுக்கினார்கள். பின்னர் இன்னொரு வட்டுக் கிடைத்ததும் வீட்டுக்காரர் வேறிடம் பெயர்ந்தனர். ஒண்டவந்த நிரல்களோ அங்கேயே நிலைத்துவிட்டன. இடநெருக்கடியால் நேர்ந்த இப்பிரிவுக்குப் பிற்காலத்தார் நியாயங்களும் கற்பித்தனர்! யுனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் முறைமைகளுள் பெடோரா 2012இல் தன் 17ஆம் பதிப்பிலேதான் இரண்டையும் ஒன்றாக்கிற்று.

விண்டோசின் கதை வேறு. 1995இல் வந்த விண்டோஸ் 95, நிரல்களுக்கென்று 'புரோகிராம் பைல்ஸ்' என்னும் கோப்புறையை வகுத்தது. அப்பெயரின் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. இடைவெளியைக் கண்டதும் பெயர் முடிந்ததென்று கருதிய நிரல்கள் தடுமாறின. ஜெர்மன் மொழி விண்டோஸ் எக்ஸ்பியில் அக்கோப்புறையின் பெயரே வேறு. முறைமையைக் கேட்டறியாமல் ஆங்கிலப் பெயரை உள்ளே பொறித்துவைத்த நிரல், தனக்கென இரண்டாவது கோப்புறையை உண்டாக்கிக்கொண்டது. இவை சிறு தொல்லைகள்.

பெருந்தொல்லை, நிரலையும் அதனைக்கொண்டு நாம் எழுதியதையும் ஓரிடத்தில் வைப்பதால் வருவது. ஒரு கடையில் ஒரே கணினி. காலையில் ஓர் இலிகிதரும் மாலையில் மற்றொருவரும் தத்தம் பெயரில் உள்நுழைந்து கணக்கெழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு நிரல் பழையது. பேரேட்டைத் தன் நிரற்கோப்புறையிலேயே எழுதுவது. 2007இல் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்தா, சாதாரணப் பயனர் அங்கே எழுதுவதை அனுமதிப்பதில்லை. ஆயினும் பழைய நிரல்கள் நின்றுவிடலாகாதென்று கருதி, எழுதியதை ஒருவரும் அறியாவண்ணம் அவரவர்க்குரிய மறைவான கோப்புறைக்குத் திருப்பிவிடும். விளைவு யாது? காலையில் எழுதிய விற்பனையை மாலையில் வருபவர் காண்பதில்லை. இயந்திரத்திற் பழுதில்லை, களவுமில்லை. இருந்தும் கணக்கு ஒவ்வாது. இருவரும் ஒருவரையொருவர் ஐயுறுவதற்கு வேறென்ன வேண்டும்?

காணி உறுதியைப் பெட்டகத்தில் வைப்போமேயன்றி மண்வெட்டி கிடக்கும் கொட்டிலில் வைப்போமா? நிரல் மண்வெட்டி போன்றது. தேய்ந்தால் வேறொன்று வாங்கலாம். பயனர் எழுதியது உறுதி. முந்தியதன் இடம் நிருவாகி மட்டுமே மாற்றக்கூடியதாயும், பிந்தியதன் இடம் பயனருக்கு உரியதாயும் இருத்தல் தகும். அப்போதுதான் நிரலை நீக்குகையில் நம் எழுத்தும் உடன் அழியாது. நிரலைப் புதுப்பிக்கையிலும் கைபடாமல் இருக்கும். நிருவாகியின் அனுமதி இல்லாதவரை வாயிலிலேயே திருப்பி அனுப்பாமல், அவருடைய சொந்தக் கோப்புறையில் நிறுவிக்கொள்ள இடங்கொடுக்கும் நிரலை நான் மேலானதென்பேன்.

கேட்போர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அந்த வினா வரும்போது இயல்பிடத்தை மாற்றவேண்டிய தேவை பெரும்பாலும் இராது. நிறுவி முடிந்தபின் சிறு கோப்பொன்றை எழுதிச் சேமித்து, அது எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். நிரலின் கோப்புறைக்குள்ளேயே கிடந்தால், வேறிடம் குறிக்க அமைப்புகளில் வழியுண்டா என்று தேடுங்கள்; இல்லையாயின் அன்றே பிரதியெடுத்து வேறொரு வட்டில் வையுங்கள்.