படைக்குப் படியளப்பது யார்?



நாட்டை ஆள்வது மக்கள் பிரதிநிதிகள். அவர்கள் சொற்படி நாட்டைக் காப்பது இராணுவம். பள்ளிப் பாடத்தில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். காலனித்துவத்திலிருந்து விடுபட்ட பல நாடுகளில் இந்த ஒரு வரியை நடைமுறைக்குக் கொண்டுவர அரை நூற்றாண்டுகூடப் போதவில்லை. மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலுள்ள இந்தோனேசியாவே இதற்குத் தக்க சான்று.

தானே பிறந்த படை

1945 ஆகஸ்ட் 17-இல் சுகர்னோவும் ஹத்தாவும் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். அக்டோபர் 5-இல் படை அமைந்தது. ஜப்பானியரிடம் பயிற்சி பெற்றவர்கள், முன்பு டச்சுப் படையில் இருந்தவர்கள், ஊர்தோறும் திரண்ட இளைஞர்கள் எனப் பலரும் அதில் சேர்ந்தனர். தலைமைத் தளபதி சுடிர்மானை அரசு நியமிக்கவில்லை. படை அதிகாரிகளே நவம்பரில் கூடி வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். பள்ளி ஆசிரியராக இருந்த அவரை டிசம்பரில்தான் அரசு முறைப்படி ஏற்றது.

1948 டிசம்பர் 19-இல் டச்சுப் படை யோக்ஜகார்த்தாவைப் பிடித்தது. சுகர்னோவும் அமைச்சர்களும் நகரிலேயே தங்கிச் சிறைப்பட்டனர். காசநோயால் மெலிந்திருந்த சுடிர்மானோ பல்லக்கில் சுமக்கப்பட்டு மலையும் காடும் கடந்து கெரில்லாப் போரை நடத்தினார். அரசியல்வாதிகள் கைவிட்ட நாட்டை வீரர்களே மீட்டனர் என்ற எண்ணம் படையினர் மனத்தில் வேரூன்றியது அப்போதுதான்.

அது பாதி உண்மை. அதே காலத்தில் சுமத்ராவில் ஷாஃப்ருடின் பிரவிராநெகாரா தலைமையில் அவசரகால அரசு ஒன்று இயங்கியது. பேச்சுவார்த்தையும் அனைத்துலக நெருக்குதலும் இல்லாமல் 1949-இல் டச்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்திருக்கவும் மாட்டார்கள்.

பீரங்கியும் பணப்பெட்டியும்

1952 அக்டோபர் 17-இல் ஜகார்த்தா மாளிகையை நோக்கிப் பீரங்கிகள் திருப்பப்பட்டன. நாடாளுமன்றத்தைக் கலைக்க வேண்டும் என்பது படைத் தலைமையின் கோரிக்கை. சுகர்னோ மசியவில்லை. தரைப்படைத் தலைவர் நசுத்தியோன் பதவியை இழந்தார். பீரங்கியால் முடியாததைப் பின்னர் பணம் முடித்துக் கொடுத்தது.

1957-இல் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் டச்சுக்காரர்களின் தோட்டங்களையும் நிறுவனங்களையும் தொழிலாளர்கள் கைப்பற்ற, இராணுவம் தலையிட்டு அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சீருடை அணிந்தவர்கள் நிர்வாகிகள் ஆனார்கள். தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ளும் படை யாருக்குக் கணக்குக் காட்டும்?

மீண்டும் பதவிக்கு வந்திருந்த நசுத்தியோன், 1958-இல் இதற்கு ஒரு தத்துவமும் தந்தார். படை ஆட்சியைக் கவிழ்க்காது. ஒதுங்கி நின்று வேடிக்கையும் பார்க்காது. அந்த 'நடுவழி'தான் சுகார்த்தோ காலத்தில் 'துவிஃபுங்சி', அதாவது இரட்டைப் பணி, என்ற கொள்கையாக வளர்ந்தது.

1965-66-இல் பல லட்சம் பேர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் அதிகாரம் சுகார்த்தோ கைக்கு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இராணுவ அதிகாரிகள் ஆளுநர்களாகவும் அமைச்சர்களாகவும் தூதர்களாகவும் வலம் வந்தனர். 1987 முதல் நாடாளுமன்றத்தின் 500 இடங்களில் 100 இடங்கள் தேர்தலே இன்றிப் படைக்கு ஒதுக்கப்பட்டன. ஜெனரல் இப்னு சுத்தோவோ நடத்திய பெர்த்தமினா எண்ணெய் நிறுவனம் 1975-இல் கடனைக் கட்ட முடியாமல் தடுமாறியபோது, 1,000 கோடி அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட சுமை நாட்டின் தலையில் விழுந்தது.

திரும்பிய காலம்

1998 மே 21-இல் சுகார்த்தோ பதவி விலகினார். 1999 ஏப்ரலில் போலீஸ் படை இராணுவத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், பல்லாண்டுகளுக்குப் பிறகு, சீருடை அணியாத ஒருவர் தற்காப்பு அமைச்சரானார். அவர் பேராசிரியர் ஜுவோனோ சுடர்சோனோ. நாடாளுமன்றத்தில் படையின் இடங்கள் 75, 38 என்று குறைந்து 2004-இல் இல்லாமலே போயின.

அதே 2004-இல் வந்த 34-ஆம் எண் சட்டம், பணியிலுள்ள வீரர்கள் வணிகம் செய்யத் தடை விதித்தது. படையின் தொழில்களை ஐந்தாண்டுகளுக்குள் அரசு ஏற்க வேண்டும் என்றது. அவர்கள் அமரக்கூடிய சிவிலியன் அலுவலகங்களைப் பத்தாகச் சுருக்கியது. மற்ற பதவி வேண்டுமானால் சீருடையைக் கழற்ற வேண்டும். ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் கிடைத்த வெற்றி இது.

ஆனால் 2025 மார்ச் 20-இல், மாணவர்களின் எதிர்ப்பையும் மீறி, அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. பத்து, பதினான்கு ஆனது. தலைமை வழக்கறிஞர் அலுவலகமும் அந்தப் பட்டியலில் உண்டு. வணிகத் தடை மட்டும் நீடித்தது.

கட்டுப்பாடான அதிகாரிகள் வந்தால் நிர்வாகம் சீராகும், பேரிடரில் அவர்கள்தானே முதலில் ஓடி வருகிறார்கள் என்று ஆதரிப்போர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தவறு நேர்ந்தால் அவர்களை விசாரிப்பது யார்?

2023 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட பத்தில் ஒன்றான தேசிய தேடல், மீட்பு அமைப்பின் தலைவரை, ஊழல் தடுப்பு ஆணையம் லஞ்சப் புகாரில் சந்தேக நபராக அறிவித்தது. அவரோ பணியிலிருந்த விமானப்படை உயரதிகாரி. இராணுவம் ஆட்சேபித்தது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. விசாரணை இராணுவப் போலீஸாரிடம் போனது. அமர்ந்திருந்தது சிவிலியன் நாற்காலி. விசாரித்ததோ படையின் சொந்தத் துறை!

நேயர்களே, தெருவில் டாங்கிகள் ஓடினால்தான் மக்களாட்சிக்கு ஆபத்து என்று எண்ண வேண்டாம். படைக்கான பணம் எங்கிருந்து வருகிறது? சீருடையைக் கழற்றாமல் யார் எந்த நாற்காலியில் அமர்கிறார்? தவறினால் எந்த நீதிமன்றம் கேட்கும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் மக்கள் மன்றத்தில் பதில் கிடைக்கும் வரையில்தான் படை மக்களுடையது. சட்டத்தால் வந்த கட்டுப்பாடு சட்டத்தாலேயே தளரவும் கூடும். காவலாளிக்கும் ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல், விழித்திருக்கும் மக்கள்.