இரு கரையும் ஓர் ஆறும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் கூப்பிட்டு, "உன் வேலையைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா யாரையும் தூங்க வச்சிடாதே" என்றார். பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு ஊரைப் பற்றித்தான் பேச முடியும். இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் பகுதியில், செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கிற பியூட்லி என்ற சின்ன ஊர் அது. நான் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஊரின் அழகே ஆற்றங்கரைதான். அந்தக் காலத்துச் செங்கல் வீடுகள் வரிசையாகத் தண்ணீரைப் பார்த்து நிற்கும். நடுவே தாமஸ் டெல்ஃபோர்ட் 1798-இல் கட்டிய கல் பாலம். அதற்கு முன்பு இருந்த பாலத்தை 1795 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதே வெள்ளத்தில், ஆற்றின் மேற்பகுதியில் 1779-இல் வார்ப்பிரும்பில் கட்டிய பாலம் மட்டும் அசையாமல் நின்றது. நடுவில் தூண் இல்லாத ஒற்றை வளைவு. தண்ணீர் போக வழி இருந்தது.

அங்கே வெள்ளம் வருவது பெரும்பாலும் குளிர்காலத்தில். "மழை அப்போதுதான் அதிகமா?" என்று கேட்பீர்கள். அது பாதிக் காரணம்தான். கோடையில் பெய்கிற மழையை மண்ணும் மரமும் வெயிலும் பங்கு போட்டுக்கொள்ளும். குளிர்காலத்தில் வெயிலுக்கு வலு இல்லை, மரத்தில் இலை இல்லை, மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். அதற்கு மேல் பெய்கிற மழை அப்படியே ஆற்றுக்குப் போய்விடும். 1947 மார்ச்சில் இன்னும் மோசம். குளிரில் இறுகிப்போன தரை, அதன் மேல் வாரக்கணக்கில் குவிந்த பனி, அந்தப் பனி உருகும்போது மழையும் சேர்ந்துகொண்டது. செவர்ன் கரை ஊர்களில் இன்றைக்கும் அந்த வருஷத்தை வைத்துத்தான் மற்ற வெள்ளங்களை அளக்கிறார்கள்.

ஒரு வசதி உண்டு. பியூட்லிக்கு மேலே ஏறத்தாழ 4,300 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு. வேல்ஸ் மலையில் பெய்த மழை ஊருக்கு வந்து சேர ஓரிரு நாள் பிடிக்கும். 1921 முதல் அங்கே ஆற்றின் ஓட்டத்தை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே எப்போது, எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. பியூட்லியில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம்.

கிடைக்கிற அந்த அவகாசத்தை நம்பித்தான் மேற்குக் கரையில் ஒரு வேலை செய்தார்கள். 2000-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. நிரந்தரச் சுவர் கட்டினால் ஆறு கண்ணுக்குத் தெரியாது, ஊரின் பிழைப்பே போய்விடும். அதனால் கழற்றி மாட்டும் சுவர். கரையில் அடித்தளத்தை மட்டும் பதித்துவிடுவது. எச்சரிக்கை வந்ததும் அலுமினியத் தூண்களை நட்டு, இடையில் பலகைகளைச் செருகுவது. 2002 முதல் அது பயன்பாட்டில் இருக்கிறது.

பார்ப்பதற்குக் கடைத்தெருவில் கடைக்குப் பலகை அடைப்பது போலத்தான் இருக்கும். ஆனால் கணக்கு அவ்வளவு லேசு இல்லை, தம்பி. ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அரை டன் அழுத்தம். இரண்டு மீட்டர் நின்றால் ஒரு டன் அல்ல, இரண்டு டன். தூணைச் சாய்க்கிற திருப்புவிசையோ எட்டு மடங்கு. அது போதாதென்று, மேலே தடுத்த தண்ணீர் அடியில் மண் வழியாகக் கசிந்து உள்ளே வரும். அதற்காகப் பூமிக்குள்ளும் ஒரு தடுப்பு வேண்டும். ஊருக்குள் பெய்த மழை ஆற்றுக்குப் போக முடியாமல் சுவருக்குப் பின்னால் தேங்கும். அதை இறைக்கப் பம்பு வேண்டும். ஆக, வெளியே தெரிகிற பலகை வேலையில் ஒரு பங்குதான்.

இனி எதிர்க்கரை. பீல்ஸ் கார்னர் என்பது அந்த இடத்தின் பெயர். வீடுகள் குறைவு. அங்கே அரசாங்கப் பணம் கேட்டால், தடுக்கப்படும் சேதம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பார்கள். வீடு குறைந்தால் விடையும் குறையும். எனவே மேற்குக் கரைக்குச் சுவர் கிடைத்தது. கிழக்குக் கரைக்கு அப்போது சாலையின் மேல் வைக்கிற தற்காலிகத் தடுப்புதான் இருந்தது. பூமிக்குள் ஒன்றும் இருக்கவில்லை. 2020 பிப்ரவரியிலும் 2021 ஜனவரியிலும் அதையும் மீறித் தண்ணீர் வந்தது. நிரந்தரத் தடுப்புக்குப் பணம் ஒதுக்கியதே 2020 வெள்ளத்துக்குப் பிறகுதான். முதல் கரைக்குச் சுவர் வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வகுத்தல் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பொதுப் பணத்துக்கு ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் நனைந்த வீட்டில் சுவர்ப் பூச்சை உரித்து, மாதக்கணக்கில் காயவைத்து, அடுத்த குளிர்காலத்தில் திரும்பவும் உரிக்கிற ஒருவரின் மனச் சோர்வு அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் வரும்? இன்னொன்று. ஒரு கரையில் சுவர் வைத்தால் எதிர்க்கரையில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறும்? ஒன்றுமே ஏறாமலும் இருக்கலாம். ஆனால் எதிரே நின்று அந்தப் பளபளக்கும் பலகையைப் பார்க்கிறவர் கேட்காமல் இருப்பாரா? அவர் கேட்பதற்கு முன்னாலேயே கணக்கைப் போட்டு, அவருக்குப் புரிகிற பாஷையில், அவர் வீட்டு வாசலிலேயே போய்ச் சொல்லவேண்டியது வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற நம் ஆள்தான்.

இறுதியாண்டுத் தம்பிகள் சிலர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டிருந்தீர்கள். நம் ஊர் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டுச் சுவரில் குறித்து, மட்டம் எடுத்து வாருங்கள். லெவல் கருவி சர்வே லேப்பில் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பிடித்தால் எங்கே ஆரம்பிப்பது என்று உட்கார்ந்து பேசலாம்.