கணக்குக் கேட்பவரும் காவலரே



முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். இன்று அவர்கள் பெறும் பட்டத்தில் உங்களுக்கும் பாதிப் பங்கு உண்டு.

அகிம்சையைத் தலையாய அறமாகக் கொண்ட தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர் மேல்சித்தாமூர். பக்கத்திலேயே போருக்கென்றே எழுப்பிய செஞ்சிக் கோட்டை. பாதுகாப்புக் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை இப்படியோர் இடத்துக்கு அழைத்திருக்கிறீர்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறேன். ராணுவத்திடம் மக்கள் கணக்குக் கேட்கலாமா? கேட்டால் அது தேசத் துரோகம் ஆகிவிடுமா?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் தேசிங்கு ராஜாவைத்தான் எல்லோரும் நினைப்போம். நான் அவர் காலத்துக்கும் முந்தைய ஒரு முற்றுகையைச் சொல்கிறேன். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை வளைத்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். நடுவில் பேரரசரின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி, அவரையே சுல்பிகர் கான் சிறைப்பிடித்தார். அந்தத் தளபதியே மராட்டியரோடு கள்ள உறவு வைத்து முற்றுகையை இழுத்தடித்தார் என்று சந்தேகப்படும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. உண்மை எதுவானாலும், இத்தனை ஆண்டு ஆன செலவு நியாயமா, செத்த சிப்பாய்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் இடத்தில் ஒருவர்கூட இல்லை. தூரத்தில் இருந்த பேரரசருக்குக் கடிதத்தில் வந்து சேர்ந்ததுதான் உண்மை.

இன்று கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். மத்திய அரசு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதின்மூன்று ரூபாய்க்கு மேல். இதில் ஒரு ரூபாயைத் தொடுவதற்கும் மக்களவையின் ஒப்புதல் வேண்டும். செலவழித்த பிறகு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சி.ஏ.ஜி., தணிக்கை செய்வார். அவர் அறிக்கையை நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு எடுத்து அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கும். 1993 முதல் பாதுகாப்புத் துறைக்கென்று தனி நிலைக்குழுவும் இருக்கிறது. ஏற்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. அதில் உட்காருபவர்கள் கேட்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போபர்ஸை எடுத்துக்கொள்வோம். 1986 மார்ச்சில் ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் சுமார் 400 பீரங்கிகளை 1,437 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. மறு ஆண்டு ஏப்ரலில், இதில் லஞ்சம் கைமாறியது என்று ஸ்வீடன் வானொலி சொன்னது. ஆகஸ்டில் சங்கரானந்த் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்தது. ஆளுங்கட்சியினரே நிறைந்த குழு என்று எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. 1988 ஏப்ரலில் அறிக்கை வந்தது. இடைத்தரகர் யாரும் இல்லை, கொடுத்த பணம் பழைய முகவர் ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளக் கொடுத்தது என்ற நிறுவனத்தின் விளக்கத்தைக் குழு ஏற்றுக்கொண்டது.

அந்தக் குழுவில் ஒரே ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. நெல்லைச் சீமையின் ஆலடிப்பட்டிக்காரர், அ.தி.மு.க. உறுப்பினர் ஆலடி அருணா. குழு அமைந்தபோது அவர் கட்சி காங்கிரசோடு தோழமையில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு சங்கடமும் இல்லை. அவர் மறுப்புக் குறிப்பு எழுதி அறிக்கையோடு சேர்த்தார். குழுவில் அது தோற்றுப்போன கருத்து. ஆனால் அதே ஆண்டு பத்திரிகையாளர்கள் சித்ரா சுப்ரமணியமும் என். ராமும் 'தி இந்து'வில் போபர்ஸ் ஆவணங்களை வெளியிட்டார்கள். 1989 ஜூலையில் சி.ஏ.ஜி. அறிக்கை கொள்முதல் முறையில் இருந்த ஓட்டைகளைச் சுட்டியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாகப் பதவி விலகினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் ஆட்சியே மாறிற்று.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நீதிமன்றத்தில் வழக்கு நிற்கவில்லை. 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் தொழிலதிபர்களான இந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. 64 கோடி லஞ்சம் என்ற வழக்குக்குச் சுமார் 250 கோடி செலவாகிவிட்டதே என்று நீதிபதி வருந்தினார். பீரங்கியோ நல்ல பீரங்கி. 1999இல் கார்கில் மலையில் நம் படைக்கு அதுதான் கைகொடுத்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தோடு வந்த தொழில்நுட்ப வரைபடங்கள் நம் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் தூங்கின. புதிதாகப் பீரங்கி வாங்கும் கோப்பில் கையெழுத்திட அதிகாரிகள் அஞ்சினார்கள். அடுத்த புதுப் பீரங்கி அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியது 2017இல். அந்தப் பழைய வரைபடங்களை வைத்து உருவான தனுஷ் பீரங்கி, படையின் கைக்கு வந்தது 2019இல். முப்பது ஆண்டு! குழுவில் இருந்தவர்கள் அன்றைக்கே நேராகக் கேட்டு, நேராக எழுதியிருந்தால் விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவர்கள் கேட்காமல் விட்டதற்கு எல்லையில் நின்றவன் விலை கொடுத்தான்.

கேட்பதால் சிப்பாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதற்கும் ஓர் உதாரணம். 2020 பிப்ரவரியில் அவையில் வைத்த சி.ஏ.ஜி. அறிக்கை சியாச்சின், லடாக் போன்ற உயர்ந்த மலைப்பகுதிக் காவல் வீரர்களைப் பற்றியது. பனிக் கண்ணாடிப் பற்றாக்குறை 62 முதல் 98 சதவீதம் வரை. புதுக் காலணி வராததால் பழையதையே செப்பனிட்டுப் போட்டுக்கொண்டார்கள். பனிமலையில் கண்ணாடி இல்லாமல் நின்றால் வெயில் பட்டு மின்னும் பனியில் கண் கூசிப் பார்வையே போகலாம். ஈரக் காலணிக்குள் விரல் விறைத்தால் வெட்டி எடுக்க வேண்டி வரும். இதை வீரர்கள் வெளியில் சொல்ல முடியாது, ராணுவச் சட்டம் வாயைக் கட்டும். அவர்களுக்காகச் சொன்னது ஒரு தணிக்கைக் குறிப்பு. பேரேட்டின் முன் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு தணிக்கையாளர் இருப்புப் பட்டியலையும் தேவைப் பட்டியலையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்த்திருக்கிறார். அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தேசபக்தி சில சமயம் கழித்தல் கணக்காகவும் இருக்கும்.

பணம் ஒரு பக்கம். உயிர் இன்னொரு பக்கம். 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தில், சுரங்க வேலை முடித்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று எண்ணி ராணுவத்தினர் சுட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். தொடர்ந்து நடந்த மோதலில் இன்னும் பலர் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். மாநிலக் காவல்துறை விசாரித்து 30 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்கு நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்கிறது ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம். அனுமதி கிடைக்கவில்லை. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கையை முடித்து வைத்தது.

அனுமதி மறுப்பது விதிவிலக்கா, வழக்கமா என்பதற்கு மாநிலங்களவையில் கேட்ட ஒரு கேள்விக்கு வந்த பதில் சாட்சி. 2001 முதல் ஜம்மு காஷ்மீர் அரசு இப்படி 50 வழக்குகளில் அனுமதி கேட்டது, 47இல் மறுப்பு, மூன்று நிலுவையில் என்று 2018 ஜனவரியில் அரசே சொன்னது. தவறு செய்த சிலரை மறைத்தால், நேர்மையாக நிற்கும் லட்சக்கணக்கானோர் மீது சந்தேகம் விழும். ராணுவத்தின் மானத்தைக் காப்பது விசாரணைதான்.

அதே 2018 மார்ச்சில் பாதுகாப்பு நிலைக்குழு ஓர் அறிக்கை தந்தது. தலைவர் ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி, ஆளுங்கட்சிக்காரர். ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை என்று ராணுவத் துணைத் தளபதி குழு முன் சொன்ன சாட்சியம் அதில் இருந்தது. மறுநாள், மார்ச் 14 அன்று, அமளிக்கு நடுவில் எல்லா மானியக் கோரிக்கைகளையும் மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. பாதுகாப்பும் அதில் அடக்கம். செப்டம்பரில் குழுவை மாற்றியமைத்தபோது கந்தூரி தலைவர் நாற்காலியில் இல்லை. கேட்கும் கருவி கையில் இருந்தும் கைநழுவ விடுவது இப்படித்தான்.

கணக்குக் கேட்கும் மரபு நமக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர்களும் குடவோலையில் பெயர் போடத் தகுதியற்றவர்கள் என்று விதி செய்தது.

செல்வங்களே, உங்களில் சிலர் படைக்குப் போவீர்கள், சிலர் வங்கிக்கு, பள்ளிக்கு, அரசு அலுவலகத்துக்கு. எங்கே போனாலும் ஒருநாள் உங்கள் முன் ஒரு கோப்பு வரும். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, நீங்களும் போடுங்கள் என்பார்கள். மனம் ஒப்பவில்லை என்றால் சத்தம் போட வேண்டாம், மறுப்பை எழுத்தில் வையுங்கள். சி.ஏ.ஜி. அறிக்கைகள் இணையத்தில் இலவசம், ஆண்டுக்கு ஒன்றையாவது படியுங்கள். ஓட்டுக் கேட்டு வரும் உறுப்பினரிடம், பாதுகாப்பு மானியம் வந்த நாளில் அவையில் இருந்தீர்களா, என்ன கேட்டீர்கள் என்று கேளுங்கள். நாளைக்கு நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், உங்களிடமும் அதே கேள்வி வரும் என்று தயாராக இருங்கள்.