தடிமன் மருந்தும் தாய்மொழிச் சீட்டும்

(வலிகாமத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

உரிமைக் குரல் ஒலித்துப் பழகிய மேடையிலே தடிமனையும் இருமலையும் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கின்றானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் எடுத்துக்கொண்ட விடயம் சிறிது போலத் தோன்றினும், அதன் முடிவிலே உயிரும் உரிமையும் ஒருங்கே நிற்பதைக் காண்பீர்கள். ஆதலின் சற்றுப் பொறுமையோடு செவிசாய்க்குமாறு வேண்டுகின்றேன்.

மாரி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் தும்மலும் இருமலும் தொடங்கிவிடுகின்றன. முன்னாளில் ஆச்சி கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துத் தந்தாள். இன்று நாம் மருந்துக்கடைக்குச் சென்று, "தடிமனுக்கு ஏதேனும் தாருங்கள்" என்கின்றோம். பளபளக்கும் பெட்டியொன்று கைக்கு வருகின்றது. அதற்கு ஓர் அழகிய பெயர் இருக்கின்றது. அந்தப் பெயரைத்தான் நாம் அறிகின்றோம். அதனுள் இருப்பது யாதென அறிவதில்லை. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவே: பெயரை நம்பி மருந்தை விழுங்காதீர்கள், உள்ளிருக்கும் பொருளை அறிந்து உட்கொள்ளுங்கள்.

கூட்டு மருந்து என்பது யாது? பல மருந்துகளை ஒரே குளிசையில் அல்லது ஒரே பாணியில் சேர்த்து அடைத்தால் அது கூட்டு மருந்து. தடிமன் குளிசைகள் பலவற்றில் மூன்று பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்று பரசிற்றமோல். இது காய்ச்சலையும் நோவையும் தணிப்பது. நாம் பனடோல் என்று அழைப்பது இதனையே. மற்றொன்று குளோர்பெனிரமின். இது தும்மலையும் மூக்கிலிருந்து நீர் வடிவதையும் அடக்குவது. பிரிற்றன் என்னும் பெயரில் நம்மவர் நன்கு அறிந்த அதே மருந்து. மூன்றாவது பினைலெப்ரின். மூக்கடைப்பை நீக்குமென்று சேர்க்கப்படுவது. இருமற் பாணிகளிலோ டெக்ஸ்ரோமெதோர்பன் போன்ற இருமலடக்கிகளும், சளியை இளக்கும் பொருள்களும் கலந்திருக்கும். இருமலை அடக்குவதையும் சளியை வெளியேற்றுவதையும் ஒரே போத்தலில் அடைத்து விற்பதும் உண்டு. ஒரு மாட்டை முன்னுக்கும் மறு மாட்டைப் பின்னுக்கும் இழுக்கப் பூட்டிய ஏர் எவ்வளவு தூரம் உழும் என்பதைக் கமக்காரராகிய நீங்களே சொல்லலாம்.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். காய்ச்சலும் தடிமனும் கண்ட ஒருவர் வேளைக்கு இரண்டு பனடோல் வீதம் நாளுக்கு நான்கு வேளை எடுக்கின்றார் என்று வையுங்கள். குளிசை ஒன்று 500 மில்லிகிராம். எட்டுக் குளிசைக்கு 4000 மில்லிகிராம். வளர்ந்த ஒருவர் 24 மணி நேரத்தில் எடுக்கத்தக்க உச்ச அளவு அதுவே. மூக்கு ஒழுகுவது நிற்கவில்லையென்று அதே மனிதர் தடிமன் குளிசை ஒன்றையும் நாளுக்கு மூன்று வேளை சேர்க்கின்றார். அதனுள்ளும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருப்பின் கூட்டுத்தொகை 5500 ஆகின்றது. அவர் குற்றம் ஏதும் செய்யவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன. ஆதலின் இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நம்பினார். அவருடைய ஈரலுக்குப் பெட்டியின் பெயர் தெரியாது. வந்து சேர்ந்த அளவு மாத்திரமே தெரியும்.

உடல் மெலிந்தவர்க்கும், ஈரல் நோய் உள்ளவர்க்கும், நாள்தோறும் கள்ளோ சாராயமோ அருந்துவோர்க்கும் அந்த எல்லை இன்னும் குறைவு. இதிலே கொடுமை யாதெனில், அளவு மிஞ்சிய பரசிற்றமோல் முதல் நாளிலே பெரிதாக ஒன்றையும் காட்டாது. ஆள் நலமாய் நடமாடுவார். ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். இதற்கு முறிவு மருந்து உண்டு. அளவுக்கு மிஞ்சி விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் அது பெரிதும் காப்பாற்றும். ஆகையால் அளவு மிஞ்சியதென ஐயுற்றவுடன், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று இருந்துவிடாது, குளிசை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

அடுத்தது குளோர்பெனிரமின். இது உறக்கத்தை வருவிக்கும். காலையில் தடிமன் குளிசையைப் போட்டுக்கொண்டு உழவு இயந்திரத்தில் ஏறுவோரும், மோட்டார் சைக்கிளில் அலுவலகம் செல்வோரும் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். அதன்மேல் மதுவும் சேர்ந்தால் மயக்கம் இரட்டிக்கும். சூடடிக்கும் காலத்தில் தூசியால் தும்மல் பிடித்தவர் ஒவ்வாமைக்கென ஒரு குளிசையும், தடிமனுக்கென மற்றொரு குளிசையும், இரவிலே இருமற் பாணியும் எடுத்தால், மூன்றினுள்ளும் ஒரே வகை மருந்து இருத்தல் கூடும். முதியவர்க்கு இது தடுமாற்றத்தையும் விழுகையையும் தரும். புரஸ்தச் சுரப்பி வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துவிடும். கண்ணமுக்க நோய் உள்ளோரும் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடலாகாது.

பினைலெப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவது. குருதி அமுக்கமும் இருதய நோயும் உள்ளவர்கள் இதனையும், இதன் இனமான சூடோஎபெட்ரினையும் வைத்தியரின் சம்மதமின்றி எடுத்தல் தகாது. இவ்வளவு ஆபத்தைச் சுமந்து நாம் பெறும் பயன்தான் என்ன? 2023 செப்டெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் நிபுணர் குழு, வாய்வழி விழுங்கும் பினைலெப்ரின் மூக்கடைப்பைத் தீர்ப்பதில்லை என்று ஒருமனதாகக் கூறியது. 2024 நவம்பரில் அந்த நிருவாகமே அதனை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து நீக்க முன்மொழிந்தது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்போர் டெக்ஸ்ரோமெதோர்பன் உள்ள பாணியைக் குடிக்குமுன் கட்டாயம் கேட்டறிதல் வேண்டும். சில மருந்துகளோடு அது சேர்ந்தால் உயிருக்கே இடர் நேரும்.

தாய்மார்களே! இனி உங்களுக்குத் தனியே ஒரு சொல். குழந்தை சிறிய மனிதன் என்று எண்ணிப் பெரியவர்க்கான மருந்தைப் பாதியாக முறித்துக் கொடாதீர்கள். பிரித்தானியாவில் 2009ஆம் ஆண்டு முதல் கடைகளில் விற்கும் இருமல், தடிமன் மருந்துகளை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்தல் ஆகாதென விதித்தனர். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுக்கலாகாதெனப் பெட்டியில் அச்சிடுமாறு இந்தியாவும் 2023 டிசம்பரில் பணித்தது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் பாணி கொடுப்பதாயின் பிள்ளையின் நிறையைக் கொண்டு அளவைக் கேட்டறியுங்கள். குசினிக் கரண்டியால் அளக்காது, மருந்தோடு வரும் அளவுக் குவளையால் அளவுங்கள். ஒரே பரசிற்றமோல் பாணியிலும் செறிவு கூடியதும் குறைந்ததும் உண்டு. போத்தல் மாறினால் அளவும் மாறும். ஒரு வயது கடந்த பிள்ளையின் இருமலுக்குச் சிறிது தேன் இதம் தரும். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்குத் தேன் கொடுக்கவே கூடாது. கொடிய நச்சு நோயொன்று அதனால் வரக்கூடும்.

போத்தலுக்குள் இருப்பதை அறியாமையின் விலையை உலகம் பன்முறை செலுத்தியிருக்கின்றது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சில் கரைத்து விற்ற பாணி மருந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே 1938இல் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் பிறந்தது. 2022ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் காம்பியா நாட்டிலே பல பத்துக் குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அந்நஞ்சு கலந்த பாணி மருந்துகளைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. 2025இல் நமக்கு மிக அண்மையிலேயே அது நிகழ்ந்தது. தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்திலே செய்யப்பட்ட தடிமன் பாணியொன்றைக் குடித்து, மத்தியப் பிரதேசத்திலே இருபதுக்கு மேற்பட்ட பச்சிளம் பாலகர்கள் இறந்தனர். சோதனையில் அப்பாணியிலே அந்நஞ்சு நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் இருந்ததெனக் கண்டனர். அனுமதிக்கப்பட்ட அளவோ நூற்றுக்கு 0.1 பங்கு. தானே ஆறக்கூடிய தடிமனுக்காகக் கொடுத்த மருந்து அது என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகின்றதன்றோ? இத்தகைய நஞ்சைத் தாயொருத்தி நாவினாலோ கண்ணினாலோ அறிய முடியாது. அதனைக் காப்பது அரசின் கடன். பதிவில்லாத மருந்தையும், பெயர்ச்சீட்டில்லாத போத்தலையும், பிறர் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து தரும் பாணியையும் விலக்குவது நம் கடன்.

கமக்காரப் பெருமக்களே! மற்றோர் ஆபத்து உங்கள் வயலிலேயே நிற்கின்றது. 2024 டிசம்பரில் நம் யாழ்ப்பாண மாவட்டத்திலே எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கவர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் நின்ற வயலில் இறங்கியவனுக்குக் காய்ச்சலும் உடல் உளைவும் கண்டால், தடிமன் குளிசை அக்காய்ச்சலை மறைக்கும், நோயை மாற்றாது. மறைந்த காய்ச்சலை மாறிய காய்ச்சல் என்று எண்ணி வீட்டிலிருப்பவன் பொன்னான நாட்களை இழக்கின்றான். டெங்குவும் அவ்வாறே. டெங்குவென ஐயுறும் காய்ச்சலிலே பரசிற்றமோல் ஒன்றே தக்கது. இபுபுரொபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் ஆகியவை குருதிப் பெருக்கை உண்டாக்கக்கூடும். இபுபுரொபன் சேர்ந்த கூட்டுக் குளிசைகளும் கடைகளில் உண்டு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இருமலும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அது சயரோகமாக இருத்தல் கூடும். குருதி அமுக்கத்துக்கு எனலாப்ரில் எடுப்போரிற் சிலர்க்கு அந்த மருந்தே வறட்டிருமலைத் தரும். அத்தகையவர் போத்தல் போத்தலாகப் பாணி குடித்தும் பயனில்லை. வைத்தியர் மருந்தை மாற்றினால் இருமல் தானே நின்றுவிடும்.

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? சாதாரணத் தடிமன் ஏழு முதற் பத்து நாட்களில் தானே மாறும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதற்கு வேண்டியதில்லை. காய்ச்சலாயின் பரசிற்றமோல் மாத்திரம், தும்மலாயின் அதற்குரிய ஒன்று மாத்திரம் என, உள்ள குறிக்கு ஒரு மருந்தாக எடுங்கள். கடையிலே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதனுள் என்னென்ன மருந்துகள் உள்ளன? நான் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளோடு இது சேருமா? எத்தனை மணிக்கொருமுறை, எத்தனை நாள்? கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தங்கள் நிலையை மறவாது சொல்லுங்கள். படித்த உத்தியோகத்தர்கள் தங்கள் அயலாரின் பெட்டியை வாசித்துச் சொல்வதைத் தொண்டாகக் கொள்ளுங்கள்.

தொண்டு என்றேன். ஆனால் எழுத்தறிந்த கமக்காரன் ஒருவன் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தின் சீட்டை வாசிக்க அயலானைத் தேட வேண்டியிருப்பது ஏன்? சீட்டுப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதனாலன்றோ? 1956ஆம் ஆண்டுச் சட்டம் நம் மொழியைப் புறக்கணித்தது. நீண்ட போராட்டத்தின் பின் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம், தமிழும் ஓர் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது. ஏட்டில் எழுதிய அந்த உரிமை மருந்துப் போத்தலின் மேல் வந்து ஒட்டவில்லையெனில் அதனால் நோயாளிக்கு வந்த நன்மை யாது? நம் உழவனுக்கு உள்ள இந்த இடர் அனுராதபுரத்துச் சிங்கள உழவனுக்கும் உண்டு. ஆதலின் இது இரு இனத்தாரும் சேர்ந்து எழுப்பத்தக்க கோரிக்கை.

இந்நாட்டின் பேராசிரியர் சேனக்க பிபிலே, வியாபாரப் பெயர்களின் ஆட்சியிலிருந்து மருந்தை மீட்டுப் பொதுப்பெயரால் வழங்க வேண்டும் என்று உழைத்தார். 1971இல் பிறந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் உழைப்பின் கனி. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் அமைந்துள்ளது. அந்தச் சபையிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு தடிமன், இருமல் மருந்தின் மேலும் அதிலுள்ள பொருள்களின் பொதுப்பெயர், அளவு, கொடுக்கலாகாத வயது, எச்சரிக்கை ஆகிய நான்கும் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக அச்சிடப்படல் வேண்டும். உங்கள் கிராமச் சங்கங்கள் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புமாறு வேண்டுகின்றேன்.

அந்நாள் வரும்வரை நம் கையிலிருக்கும் காவல் கேள்வி ஒன்றே. இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் மருந்துப் பெட்டியைத் திறந்து, ஒரே பொருள் எத்தனை பெயர்களில் உறங்குகின்றது என்று பாருங்கள். அறிந்துகொண்டு உட்கொள்ளுங்கள், அறியாததைக் கேளுங்கள், கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.