சிறுசேரிக்குக் கணிதம் கொண்டுவந்தவர்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், பிளஸ் டூ மாணவர்களையும் பெற்றோரையும் மனதில் வைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம் குடியிருப்பிலிருந்து பலர் தினமும் சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறீர்கள். அங்கே ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே சென்னை கணிதவியல் கழகம், அதாவது சி.எம்.ஐ., இருக்கிறது. அதை உருவாக்கிய சி.எஸ்.சேஷாத்ரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அவர் பிறந்தது காஞ்சிபுரத்தில், 1932 பிப்ரவரி 29 அன்று. லீப் வருடக் குழந்தை. 88 வயது வாழ்ந்தவர், பிறந்த தேதியில் கொண்டாடக் கிடைத்தது 22 பிறந்தநாள்தான்! செங்கல்பட்டில் வளர்ந்து, சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் படித்தார். அங்கே பாடம் நடத்தியவர் பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசீன். பாடப் புத்தகத்தைத் தாண்டி, பாரிஸில் அப்போது என்ன கணிதம் நடக்கிறது என்பதை மாணவர்களிடம் சொன்னவர் அவர். திறமையுள்ள பிள்ளைகளை பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். 1953இல் அப்படிப் போன இருவர் சேஷாத்ரியும், வட ஆற்காடு மாவட்டத்துத் தண்டரை கிராமத்தில் பிறந்த எம்.எஸ்.நரசிம்மனும்.

இவர்கள் செய்த கணிதம் என்ன? ஒரு காகித நாடாவை எடுத்து இரு முனைகளையும் ஒட்டினால் வளையல் மாதிரி வரும். இன்னொரு நாடாவை அரை முறுக்கு முறுக்கி ஒட்டுங்கள். ஏதாவது ஒரு சிறு துண்டை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. முழுதாகப் பார்த்தால் முதலாவதுக்கு இரண்டு பக்கம், இரண்டாவதுக்கு ஒரே பக்கம். இப்படி ஒரு வடிவத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோட்டையோ தளத்தையோ பொருத்திக் கட்டுவதற்கு ‘வெக்டர் பண்டில்’ என்று பெயர். எங்கே முறுக்கு இருக்கிறது, எங்கே இல்லை என்பதுதான் கேள்வி. அதை இயற்கணிதச் சமன்பாடுகளைக் கொண்டு தீர்ப்பது சேஷாத்ரியின் வழி.

1955இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் செர் ஒரு கேள்வி எழுப்பினார். பல்லுறுப்புக் கோவைகளால் விவரிக்கப்படும் சாதாரண சமதள வெளியின் மேல் இப்படிப்பட்ட முறுக்கு ஒளிந்திருக்க முடியுமா? இரண்டு மாறிகள் இருக்கும்போது முடியாது என்று 1958இல் சேஷாத்ரி நிரூபித்தார். அப்போது அவருக்கு வயது 26. எத்தனை மாறிகள் இருந்தாலும் முடியாது என்பதை அமெரிக்காவின் குவில்லனும் சோவியத் யூனியனின் சுஸ்லினும் தனித்தனியாக நிரூபிக்க 1976 வரை ஆனது.

அவருடைய பெயரை நிலைக்க வைத்தது 1965இல் நரசிம்மனோடு சேர்ந்து வெளியிட்ட தேற்றம். நம் மெதுவடைக்கு ஒரு துளை. இரண்டு மூன்று துளையுள்ள வடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் கட்டப்படும் பண்டில்களில் சிலவற்றை ‘நிலையானவை’ என்று அமெரிக்கரான மம்ஃபர்ட் வகுத்திருந்தார். அது முழுக்க இயற்கணித வரையறை. இன்னொரு பக்கம், ஒருவர் அந்தத் துளைகளைச் சுற்றிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் எவ்வளவு சுழற்சி ஏற்பட்டிருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அடிப்படையில் இரண்டும் ஒன்றே என்று இவர்கள் காட்டினார்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். 1983இல் இங்கிலாந்தின் டொனால்ட்சன் இதே தேற்றத்துக்கு வடிவியல் வழியில் புது நிரூபணம் தந்தார். அதே சமயத்தில் அதியாவும் பாட்டும் இயற்பியலின் யாங்–மில்ஸ் சமன்பாடுகளோடு இதை இணைத்தார்கள். எழுதியவர்கள் மனதில் இல்லாத ஒரு துறைக்கு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து அது பயன்பட்டது. அடிப்படை ஆராய்ச்சியின் வேகம் அதுதான். அவசரப்படுத்த முடியாது.

பின்னாளில் முசிலி, லட்சுமிபாய் ஆகியோரோடு சேர்ந்து இன்னொரு பெரிய கோட்பாட்டையும் சேஷாத்ரி வளர்த்தார். 1988இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 2009இல் பத்ம பூஷண் கிடைத்தது. கர்நாடக சங்கீதமும் நன்றாகப் பாடுவார்.

இனி சிறுசேரி விஷயத்துக்கு வருகிறேன். 1984இல் அவர் சென்னைக்குத் திரும்பி, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். நம் நாட்டில் ஆராய்ச்சி ஓரிடத்தில் நடக்கும். இளநிலைப் பாடம் வேறொரு கல்லூரியில் நடக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளை, புதுக் கணிதம் செய்யும் ஒருவரை நேரில் பார்ப்பதே அரிது. ரசீனிடம் படித்த சேஷாத்ரிக்கு அந்த அருமை தெரியும். 1989இல், 57 வயதில், ஓய்வைப் பற்றி யோசிக்க வேண்டிய காலத்தில், ஸ்பிக் அறக்கட்டளையின் ஆதரவோடு தி.நகரில் ஒரு சிறிய கணிதப் பள்ளியைத் தொடங்கினார். 1998இல் அங்கே பி.எஸ்ஸி. வகுப்பு ஆரம்பமானது. சொந்தமாகப் பட்டம் தரும் அதிகாரம் இல்லாததால், மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூலம் பட்டம் கொடுத்தார்கள். அதை நம்பியும் பெற்றோர்கள் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 2005இல் சிறுசேரி வளாகத்துக்கு வந்தார்கள். 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது.

பெற்றோர்களே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? ரிசல்ட் வந்ததும் லிஃப்டில் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது, ‘எந்த காலேஜ், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சுதா?’ என்றுதான். எல்லாப் பிள்ளைகளும் கணிதம் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதிப்பெண் வாங்குவது வேறு, கணக்கில் பிரியம் இருப்பது வேறு. விடை வந்த பிறகும், ‘இது ஏன் இப்படி வருது?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். ‘அதெல்லாம் எதுக்கு, சிலபஸ்ல இருக்கா?’ என்று அந்த வாயை அடைத்துவிடாதீர்கள். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு சி.எம்.ஐ. தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. எழுதிப் பார்க்கட்டும். கிடைக்காவிட்டாலும் யோசிக்கப் பழகியிருப்பார்கள்.

சேஷாத்ரி 2020 ஜூலை 17 அன்று காலமானார். ஒரு நல்ல வாத்தியார் லயோலாவில் செய்ததை அவர் ஒரு நிறுவனமாகவே கட்டி, நம் பக்கத்தில் விட்டுப் போயிருக்கிறார். அது நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.