கேட்டு வாங்குவோம், திருப்பிக் கொடுப்போம்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மென்பொருள் வேலையில் தினமும் கைகொடுக்கும் ஒரு முறையைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் ஃபேக்டரி. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் ஆகிய நால்வரும் 1994-இல் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலால் பரவலாக அறியப்பட்ட முறை இது.

டேட்டாபேஸுடன் பேச ஒரு கனெக்‌ஷன் வேண்டும். நெட்வொர்க்கைத் திறந்து, பாஸ்வேர்டைச் சரிபார்த்து, சர்வரில் கொஞ்சம் மெமரியையும் பிடித்துக்கொள்ளும் சரக்கு அது. தேவைப்படும் இடத்திலெல்லாம் நாமே அதை உருவாக்கினால், டிரைவர் பெயரும் முகவரியும் பாஸ்வேர்டும் 100 இடத்தில் சிதறிக் கிடக்கும். நாளைக்கு டேட்டாபேஸ் மாறினால் 100 இடத்தையும் தேடித் திருத்தணும்.

நம்ம கெமிஸ்ட்ரி லேபை நினைத்துப் பாருங்கள். பியூரெட் எந்தக் கம்பெனி, என்ன விலை என்று நாம் கேட்டோமா? ஸ்டோர் ஜன்னலில் கேட்டோம், கொடுத்தார்கள். ஜாவாவில் 'டேட்டாசோர்ஸ்' என்ற இன்டர்ஃபேஸ் அப்படிப்பட்ட ஜன்னல்தான். 'கெட்கனெக்‌ஷன்' என்று கேட்டால் கனெக்‌ஷன் வரும். புதிதாகச் செய்தார்களா, ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் 'பூல்'-இலிருந்து எடுத்தார்களா என்ற கவலை நமக்கு வேண்டாம். டெஸ்டிங் சமயத்தில் ஜன்னலுக்குப் பின்னால் சின்ன டேட்டாபேஸ் ஒன்றை வைத்தாலும், கனெக்‌ஷன் கேட்கும் வரி மாறாது.

இதுவரை புத்தகத்திலேயே இருக்கு. பலரும் கோட்டை விடுவது அடுத்த பாதியில்தான். பியூரெட்டைத் திருப்பித் தராதவனுக்கு 'நோ டியூஸ்' கிடையாது, இல்லையா? இங்கேயும் வேலை முடிந்ததும் 'குளோஸ்' பண்ணணும். பூலிலிருந்து வந்த கனெக்‌ஷனைக் குளோஸ் செய்தால் வழக்கமாக அது அறுந்து போவதில்லை. பூலுக்கே திரும்பி அடுத்தவருக்குப் போகும். 10 கனெக்‌ஷன் உள்ள பூலில் 10 பேர் திருப்பாமல் விட்டால் 11-ஆவது ஆள் காத்துக் கிடப்பார். பார்ப்பவர்களோ டேட்டாபேஸ் படுத்துவிட்டது என்பார்கள்!

நடுவில் பிழை வந்தாலும் குளோஸ் நடந்தே ஆகணும். அதற்காகத்தான் 2011-இல் வெளிவந்த ஜாவா 7, 'ட்ரை வித் ரிசோர்சஸ்' என்ற வசதியைத் தந்தது. பிளாக்கை விட்டு வெளியே வரும்போது தானாகவே குளோஸ் செய்துவிடும்.

தம்பி தங்கைகளே, ஃபேக்டரிக்கு டெஃபினிஷன் மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு பொருளை யார் உருவாக்குகிறார்கள், யார் மூடுகிறார்கள் என்று இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள்.