இரண்டு முட்கள்

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், என்னிடமுள்ள பழைய டீசல் கார் ஒன்று எனக்கே ஒரு பாடம் கற்பித்தது. அதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் காரில் ஓட்டுநரின் கண்ணெதிரே இரண்டு சிறு மீட்டர்கள் உண்டு. ஒன்று எஞ்சினைச் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தைக் காட்டும். மற்றொன்று டாங்கியிலுள்ள டீசலின் அளவைக் காட்டும். ஒரு கோடையில், வெப்பம் காட்டும் முள் நாள்தோறும் சிவப்புக் கோட்டைத் தொடத் தொடங்கியது. மெக்கானிக் ரேடியேட்டரைக் கழுவினார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், வெப்பத்தை உணரும் சென்சாரையும் மாற்றினார். முள் இறங்கவில்லை. ஆயினும் நீர் குறையவில்லை, ஆவி எழவில்லை, எஞ்சினின் ஓட்டத்திலும் மாறுதல் இல்லை. “மீட்டர் பொய் சொல்லுகிறது ஐயா, அதைப் பார்க்காதீர்கள்” என்றார் அவர். நானும் அதைப் பாராமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இரண்டு திங்கள் கழிந்தன. என் பேத்தியைக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்காகத் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அழைத்துச் சென்றேன். வாடிப்பட்டிக்கு அருகே வண்டி நின்றுவிட்டது. டாங்கியில் ஒரு சொட்டு டீசல் இல்லை. ஆனால் முள்ளோ கால் பங்கு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது! டீசல் வண்டியில் எண்ணெய் தீர்ந்துவிட்டால், மீண்டும் ஊற்றியவுடன் அது ஓடாது. குழாய்களில் புகுந்த காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். அதற்கு நேரம் ஏது? பேத்தியைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன். அவள் கடைசி நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். சாலையோரப் புளியமரத்தடியில் அமர்ந்து, நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: ஒரு முள்ளைப் பொய்யன் என்று தள்ளிய நான், அதன் பக்கத்திலிருந்த முள்ளை மட்டும் ஏன் நம்பினேன்?

விடை வெட்கப்பட வேண்டியது. முதல் முள் எனக்குப் பிடிக்காததைச் சொன்னது. இரண்டாவது முள் பிடித்ததைச் சொன்னது. அவ்வளவுதான்.

தேர்வுத் தாள்களைத் திருத்தும் ஆசிரியன், அடுத்தடுத்து அமர்ந்த இரு மாணவர் ஒரே தவற்றைச் செய்திருந்தால் என்ன நினைப்பான்? இருவருக்கும் பொதுவான மூலம் ஒன்று உண்டென்று நினைப்பான் அன்றோ? இரண்டு முட்களும் உள்ளதைவிட மிகுதியாகவே காட்டின. அவ்விரண்டுக்கும் பொதுவானது எது? இதை அறிய மீட்டர் இயங்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்சாருக்குள் இருக்கும் பொருள் சூடேறச் சூடேற, அதன் மின்தடை குறையும். உலோகங்களுக்கு நேர்மாறான இத்தன்மையை 1833இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கண்டார். தடை குறைந்தால் மீட்டருக்கு மின்னோட்டம் மிகும். மீட்டருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் தம் கடிகாரத்துக்கென அமைத்த தகட்டின் வழிவந்தது அது. அதன்மேல் சுற்றிய கம்பி சூடாக, தகடு வளையும், முள் நகரும். டீசல் மீட்டரும் இவ்வாறே இயங்குகிறது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. எஞ்சின் நிற்கும்போது பாட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட்டை ஒட்டியிருக்கும். ஓடும்போது 14 வோல்ட் வரை ஏறும். முள் இதனால் அலையாதிருக்க, பல பழைய கார்களில் ஸ்டெபிலைசர் என்னும் சிறு பெட்டி ஒன்றை வைத்தார்கள். அது மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் மட்டுமே மீட்டர்களுக்குக் கிடைக்கச் செய்யும். அது பழுதுற்றால் முழு மின்னழுத்தமும் பாயும். கம்பியில் எழும் வெப்பம் வோல்ட்டின் இருமடியைப் பொறுத்தது. பத்தின் இருமடி 100; பதினான்கின் இருமடி 196. வெப்பம் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது! கால் டாங்கி அரை டாங்கியைப் போலத் தோன்றுவதில் வியப்பென்ன?

வீடு திரும்பியதும் முறைப்படி சோதித்தேன். முதலாவது, வேறொரு சாட்சியை அழைத்தேன். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது நம் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதே இனத்தில், பட்டறைக்கென உயர்ந்த வெப்பத்தையும் அளக்கும் கருவி கிடைக்கிறது. அதைத் தெர்மோஸ்டாட்டின் கூட்டுக்கு நேரே பிடித்தேன். முள் சிவப்பில் நிற்க, கருவி 85 டிகிரி செல்சியஸ் என்றது. எஞ்சின் நலமாகவே இருந்தது.

இரண்டாவது, சென்சாரின் கம்பியைக் கழற்றினேன். முள் மெல்ல அடிக்கு இறங்கியது. ஆகவே கம்பி எங்கும் உடலோடு உராய்ந்து எர்த் ஆகவில்லை. மூன்றாவது, ஸ்டெபிலைசரிலிருந்து வெளிவரும் மின்சாரத்தை முள்ளுள்ள வோல்ட்மீட்டரால் அளந்தேன். நல்ல ஸ்டெபிலைசரானால் அந்த முள் துடித்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கோ அசையாமல் 12க்கு மேல் நின்றது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். அதை வண்டியின் உடலோடு இணைத்து எர்த் தரும் திருகாணியின் அடியில் துரு ஏறியிருந்தது. எர்த் கிடைக்காததால் பெட்டி வேலை செய்யவில்லை. உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் முடுக்கினேன். இரண்டு முட்களும் தத்தம் இடத்துக்குத் திரும்பின. செலவு, ஒரு துண்டு உப்புத்தாள்.

இதைக் கேட்டுவிட்டு, சிவப்புக் கோட்டைக் கண்டால் மீட்டரின் பிழையென்று எண்ணிவிடாதீர்கள். பாதையில் முள் ஏறினால் முதலில் அதை நம்புங்கள். வண்டியை நிறுத்தி ஆற விடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது; அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும். முள் திடீரென்று கீழே விழுந்தாலும் மகிழ வேண்டாம். நீர் வற்றிப்போய்ச் சென்சார் நீருக்கு வெளியே நின்றால், எஞ்சின் கொதிக்கும்போதே முள் குளிர்ச்சி என்று காட்டக்கூடும். ஐயம் கொள்வது பின்னர், காப்பது முன்னர்.

மாணவர்களே, கருவிகள் பிழைபடுவது இயல்பு. அவற்றைச் சோதிக்கும் முறையும் நம்மிடம் உண்டு. ஆனால் எதைச் சோதிப்பது, எதைச் சோதிக்காமல் ஏற்பது என்று தேர்ந்தெடுக்கும் மனத்துக்குத்தான் மீட்டர் இல்லை. கசப்பான செய்தியை எவ்வளவு கடுமையாக ஆராய்கிறோமோ, இனிப்பான செய்தியையும் அவ்வளவு கடுமையாக ஆராய வேண்டும். இதை முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். வாடிப்பட்டிச் சாலையில்தான் கற்றேன்.